கப்பல் நாள் விலை

வெறும் வயிற்றோடு காத்திருக்கும் மனிதர்களிடம் நல்ல வார்த்தையை எதிர்பார்க்கக் கூடாது. எனக்கு ஜங்லிகாட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகள். முதல் நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர்கள், விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். நானோ எங்கள் ஊரான சௌல்தாரியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பேன். அந்த பஸ் வந்தாலும் வரும், வராவிட்டாலும் போகும். கராச்சர்மாவில் அது என்னை இறக்கிவிடும்போது எட்டரை ஆகியிருக்கும். அதற்குள் ஒரு பெரியவர் பொறுமையிழந்து டீயும் இரண்டு ரஸ்க்கும் உள்ளே தள்ளியிருப்பார். கேட்டால், ரஸ்க் எல்லாம் ஒரு சாப்பாடா என்று என்னையே திருப்பிக் கேட்பார். நாளைக்கு வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

முதலாளியம்மா மூன்று மாதம் பொறுத்தார். பிறகு ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்தார். வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து காலை ஆறு மணிக்கு முதல் வீட்டில் ஊசி ஏற வேண்டும், சொந்த வண்டி இருந்தால் வா, பெட்ரோல் செலவு என்னுடையது, இல்லையென்றால் ஸ்கூட்டர் வைத்திருக்கும் இன்னொரு பெண் இந்த வேலையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அழுது காரியம் சாதித்திருப்பேன். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு அமைதியாகச் சொன்னார். அன்றைக்குத் தேதி ஒன்பது.

இந்த வேலையை விட்டுவிட்டு நான் என்ன செய்ய? என் வீட்டுக்காரர் தீவின் வடகோடியில், திக்லிபூரில் ஒரு காண்ட்ராக்டரிடம் கம்பி கட்டுகிறார். மாதத்துக்கு ஒரு தடவை வருவார். சம்பளம் பில் பாஸானால் வரும். பில் எப்போது பாஸாகும் என்று காண்ட்ராக்டருக்கும் தெரியாது, அவரைப் படைத்தவனுக்கும் தெரியாது. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அரிசி, கேஸ், போன் ரீசார்ஜ் எல்லாம் என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. ஒன்றாம் தேதி வண்டி இல்லையென்றால் இரண்டாம் தேதி எங்கள் வீட்டில் அடுப்பு யோசித்துத்தான் எரியும்.

வண்டி வாங்குவது என்று முடிவு செய்தேன். புதியது நம்மால் ஆகாது. பழைய ஸ்கூட்டருக்கு இந்த ஊரில் இருக்கிற கிராக்கியில், விலை கேட்டாலே காது சுடும். பழைய மோட்டார் சைக்கிள்தான் மலிவு. எனக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலேயே அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றி, அதற்காகக் காது கிழியத் திட்டும் வாங்கியிருக்கிறேன். லைசென்ஸும் இருக்கிறது. பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இது என்று கேட்டவர்களெல்லாம் இப்போது வந்து பார்க்கட்டும்.

வாட்ஸப்பில் வண்டி கிடைத்தது. மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் சாமான் விற்பதற்கென்றே இங்கே ஒரு குழு உண்டு. கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், ஒரு தடவை கிளியைக்கூடப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு உத்தரப் பிரதேசத்துக்காரர் ஆறு வருடப் பழைய கறுப்பு மோட்டார் சைக்கிளைப் போட்டிருந்தார். விலை நாற்பத்தைந்தாயிரம். மாத முடிவுக்குள் கப்பல் ஏற வேண்டிய அரசு ஊழியர். போய்ப் பார்த்தேன். ஓட்டிக் காட்டுங்கள் என்று சொல்லாமல், நீயே ஓட்டிப் பார் தீதி என்று அக்கா முறை வைத்துச் சாவியைக் கையில் கொடுத்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. வண்டியும் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வேலைக்கு வேண்டும், ஒன்றாம் தேதிக்குள் வேண்டும் என்று என் ஹிந்தியில் சொன்னேன். லோனுக்குக் காட்ட விலைக் கடிதம் ஒன்றை நாற்பத்தைந்தாயிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அப்புறம் லோன். பேங்கில் ஆறு வருடப் பழைய வண்டியா என்று கேட்டுவிட்டு, கவுண்டரில் இருந்த பையன் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தான். அவ்வளவுதான் பேங்க். எங்களுக்கு மிச்சமிருப்பது கூட்டுறவு சொசைட்டி. அங்கே வண்டியின் வயதைக் கேட்க மாட்டார்கள். கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஜாமீன் போட சர்க்கார் உத்தியோகஸ்தர் யார்?

இந்தத் தீவில் தங்கம் இருக்கிறதா, நிலம் இருக்கிறதா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். எங்கள் வீடு நிற்கிற இடத்துக்குப் பட்டா இல்லை, பாதி ஊருக்கு இல்லை. அதனால் கடன் என்று போனால் எல்லாக் கதவையும் திறக்கிற சாவி ஒரு சர்க்கார் சம்பளச் சீட்டுதான். ஒவ்வொரு சொந்தத்திலும் அப்படி ஒரு சம்பளச் சீட்டு இருக்கும். அதைச் சுற்றி மீதிப் பேர் இருப்போம். எங்கள் சொந்தத்தின் சம்பளச் சீட்டு, அப்பாவின் தம்பி, என் சித்தப்பா.

சித்தப்பா ஒரு ஆபீசில் பெரிய கிளார்க். ஜங்லிகாட்டில் வீடு. சம்பளச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். சொந்தத்தில் யார் எந்தப் பொருள் வாங்கியிருந்தாலும் அதில் அவர் கையெழுத்து இருக்கும். அதனால் யார் வீட்டு பிரிட்ஜையும் கேட்காமல் திறப்பார், யார் ஆட்டோவிலும் காசு கொடுக்காமல் போவார். என் பெரியப்பா மகன் வாங்கிய டி.வி.யில் ரிமோட் இவர் கையில்தான் இருக்கும். யாராவது முகம் சுளித்தால், கடன் வாய்தா ஒழுங்காகக் கட்டுகிறாயா என்று நாலு பேர் முன்னால் கேட்பார். கேட்கும்போது முகத்தில் அப்படி ஒரு அக்கறை.

எனக்கு அவர் மூன்று நாள் போக்குக் காட்டினார். முதல் நாள் போனபோது கண்ணாடி இல்லை, படிக்க முடியாது என்றார். சும்மா வந்ததற்கு வீட்டுக் கரண்ட் பில்லைக் கட்டிவிட்டு வரச் சொன்னார். இரண்டாம் நாள் ராகுகாலம். மூன்றாம் நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாரத்தின் இரண்டு பக்கத்தையும் படித்தார், அச்சகத்தின் பெயர் உட்பட. நீ கட்டாவிட்டால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று ஒரு முறை சொன்னார். சித்தி கேட்கட்டும் என்று இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார். பிறகுதான் பேனாவைத் திறந்தார். பதினெட்டு மாத வாய்தா. கையெழுத்து முடிந்ததும் நான் காலில் விழுவேன் என்று எதிர்பார்த்தார் போல. விழுந்தேன். வேறு வழி?

எழுந்து நிற்கும்போது, விலை என்ன சொன்னான் என்று கேட்டார். சொன்னேன். என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கப்பல் நாள் தெரியாம எவளாவது வண்டி வாங்குவாளாம்மா? டென்ஷன் மத் லே, கவலைப்படாத. அதை என்கிட்ட விடு."

கப்பல் நாள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வியாபாரம். மாற்றலாகிப் போகிறவருக்கு மெயின்லேண்ட் கப்பல் என்றைக்கு என்று தெரிந்துவிட்டால், அவர் வீட்டுச் சாமானெல்லாம் நாளுக்கு நாள் விலை இறங்கும். பத்து நாள் முன்னால் எட்டாயிரம் சொன்ன பீரோவைக் கப்பலுக்கு முந்தின நாள் மூவாயிரத்துக்குக் கொடுப்பார்கள். கப்பல் நாள் காலையில் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள் என்பார்கள். சாமானை வேண்டாதவர் போல அந்தப் பக்கம் நடந்து நடந்து, கடைசி நிமிஷத்தில் போய் அமுக்குவதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள். எனக்கும் அதில் பெருமை உண்டு, மறைப்பானேன்? எங்கள் வீட்டு டைனிங் டேபிள் அப்படி வந்ததுதான். அதை விற்றுவிட்டுப் போன டீச்சர் ஹேடோ கப்பல் ஜெட்டியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதை, பிரிவு துக்கம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அதனால் சித்தப்பா சொன்னதும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. ஐயாயிரம் குறைந்தாலும் பிள்ளைகளுக்கு மழைக்கோட்டும் எனக்கு ஹெல்மெட்டும் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வண்டிக்காரர் இரண்டு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை. எடுத்தால் வேண்டும் என்பது தெரிந்துவிடும், விலை இறங்காது என்று சித்தப்பா உத்தரவு. வேலை போகிற பயத்தில் எனக்குத் தூக்கம் இல்லை. ஆனால் வேண்டாதவள் மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். புத்திசாலித்தனம் என்று அதற்குப் பெயர்.

கப்பல் இருபத்தெட்டாம் தேதி என்று அறிவித்தார்கள். சொசைட்டியில் இருபத்தேழாம் தேதி பணம் தருவதாக இருந்தது. இருபத்தேழாம் தேதி போனால் செக்ரட்டரி மச்சினன் கல்யாணத்துக்கு ரங்கத் போயிருக்கிறார், முப்பதாம் தேதிதான் வருவார் என்றார்கள். வண்டிக்காரர் காசு இல்லாமல் வண்டியைக் கொடுக்க மாட்டார். இருபத்தெட்டாம் தேதி அவர் போய்விட்டால், மிச்சமிருக்கும் மூன்று நாளில் வேறு வண்டிக்கு நான் எங்கே போவேன்? சொசைட்டி வாசலில் நின்றே அழுதேன். அழுதபடி சித்தப்பா வீட்டுக்குப் போனேன்.

சித்தப்பா கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். பிறகு, பணத்தை நான் புரட்டி அவன் கையில் கொடுத்துவிடுகிறேன், உன் லோன் வந்ததும் எனக்குத் திருப்பிக் கொடு என்றார். அந்த நிமிஷம் எனக்கு அவர் கடவுளாகத் தெரிந்தார். பிரிட்ஜைத் திறந்தது, ரிமோட்டைப் பிடுங்கியது, கரண்ட் பில் கட்டச் சொன்னது எல்லாம் மறந்துபோனது. நானும் ஜெட்டிக்கு வருகிறேன் என்றேன். வராதே, உன் முகத்தைப் பார்த்தாலே அவசரம் தெரிந்துவிடும், அவன் ஒரு ரூபாய் இறங்க மாட்டான் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் கப்பல் ஊதியது கராச்சர்மாவில் ஒரு வீட்டு வாசலில் ரிப்போர்ட் கொடுக்க நின்றபோது எனக்குக் கேட்டது. அரை மணி நேரத்தில் சித்தப்பா போன் செய்தார். வண்டி நம்ம வீட்டில் நிற்கிறது, பெயர் மாற்றுகிற பாரமெல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன், ஆனால் அந்த ஆள் கல்லுளிமங்கன், ஒரு பைசா இறங்கவில்லை, முழு நாற்பத்தைந்தையும் எண்ணி வாங்கிக்கொண்டுதான் ஏணியில் கால் வைத்தான் என்றார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். போகட்டும், வேலை தங்கிவிட்டது. கல்லுளிமங்கன் என்று நானும் சேர்ந்து திட்டினேன்.

முப்பதாம் தேதி செக்ரட்டரி வந்தார், பணம் வந்தது. நாற்பத்தைந்தாயிரத்தையும் அப்படியே கொண்டுபோய்ச் சித்தப்பா கையில் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. உன்னைப் போய் எண்ணுவேனா என்றார். மனசு நிறைந்துபோய், கடனோடு கடனாக ஒரு சட்டைத் துணியும் ஒரு முழு சுர்மை மீனும் வாங்கிக் கொடுத்தேன். சுர்மை அன்றைக்கு விற்ற விலைக்கு அதை வாங்கியவள் ஒன்று பணக்காரியாக இருக்க வேண்டும், அல்லது நானாக இருக்க வேண்டும். மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முள் கம்மியா இருக்குமா என்று கேட்டார்.

ஒன்றாம் தேதி காலை ஐந்து மணிக்குச் சௌல்தாரியிலிருந்து கிளம்பினேன். தூறல். ஹெல்மெட் அண்ணனுடையது, கழுத்து வரைக்கும் இறங்கியது. முதல் வீட்டில் ஐந்து ஐம்பதுக்கு மணியை அடித்தேன். ரஸ்க் பெரியவர்தான். பல்கூட விளக்காமல் கதவைத் திறந்து, கையை நீட்டி, இனிமே இப்படியே வாம்மா என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழரைக்குள் ஒன்பது வீடு முடித்தேன். முதலாளியம்மா அடுத்த வாரத்துக்கான பட்டியலை என் கையில் கொடுத்தார்.

ஏழாம் தேதி மத்தியானம், பரிசோதனைக் கூடத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. கல்லுளிமங்கன். கல்கத்தாவில் இறங்கி, ரயில் பிடித்து, அன்றைக்குத்தான் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார். பெயர் மாற்றியாகிவிட்டதா தீதி என்று கேட்டார். விண்ணப்பம் கொடுத்துவிட்டேன் என்றேன். அன்றைக்கு ஜெட்டியில் உங்கள் சாச்சா, அதுதான் சித்தப்பா, எல்லாவற்றையும் சொன்னார், எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது, அதனால்தான் மறு பேச்சுப் பேசாமல் முப்பத்தி நாலுக்குக் கொடுத்தேன், எனக்கும் தங்கச்சி இருக்கிறாள் என்றார்.

எனக்கு முதலில் என் ஹிந்தி மேல்தான் சந்தேகம் வந்தது. எவ்வளவு என்று மறுபடி கேட்டேன். முப்பத்தி நாலு என்றார். தமிழிலும் விரல் விட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

சாச்சா என்ன சொன்னார் என்று மெல்லக் கேட்டேன். அவர் குரல் இறங்கிவிட்டது. உங்கள் கணவர் டோங்கிப் படகில் மீன் பிடிக்கப் போய்த் திரும்பவே இல்லையாமே, உடம்புகூடக் கிடைக்கவில்லையாமே, கடவுள் உங்களுக்குத் தைரியம் கொடுக்கட்டும் என்றார்.

என் புருஷன் அந்த நேரத்தில் திக்லிபூரில் பருப்பும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார். நீச்சல்கூடத் தெரியாத மனுஷன். கப்பலில் ஏறினாலே வாந்தி எடுப்பார் என்று பஸ்ஸில்தான் வந்து போகிறார். அவரைப் போய் டோங்கியில் ஏற்றிக் கடலுக்கு அனுப்பி, உடம்பும் கிடைக்காமல் செய்து, அதற்கு நஷ்ட ஈடாகப் பதினோராயிரத்தையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார் என் அப்பாவின் தம்பி.

நான் என்ன செய்தேன்? உண்மையைச் சொல்லவில்லை. சித்தப்பா திருடன் என்று ஒரு வெளியூர்க்காரரிடம் எப்படிச் சொல்வது? குடும்ப மானம் என்று ஒரு கழுதை இருக்கிறதே, அது வாயை அடைத்துவிட்டது. நன்றி பையா, அண்ணன் மாதிரி பெரிய உதவி செய்தீர்கள் என்றேன். என் குரல் நடுங்கியது. அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். சோற்றை மூடி வைத்துவிட்டு, கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். காசு போனதற்குக்கூட இல்லை. முன்பின் தெரியாத ஒருவன் எனக்காக விட்டுக்கொடுத்ததை என் சொந்தக்காரர் நடுவில் நின்று வாங்கிக்கொண்டாரே, அதற்கு. அந்த மனிதரைக் கல்லுளிமங்கன் என்று திட்டினேனே, அதற்கும்.

சாயங்காலம் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். தான் செத்த செய்தியைக் கேட்டு அவர் சிரித்தார். பிறகு வழக்கம் போலப் பயந்தார். விட்டுடு, ஜாமீன் அவருது, பதினெட்டு மாசம் கிடக்கு, பகைச்சுக்கிட்டா கையெழுத்தைத் திரும்ப வாங்குறேன்னு சொசைட்டிக்கு எழுதுவாரு, வண்டியும் போகும் வேலையும் போகும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனாலேயே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. செத்த ஆளுக்கு இந்த விஷயத்தில் பேச உரிமை இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆனால் நானும் பேசவில்லை. பத்து நாள் பேசவில்லை. சித்தப்பா இரண்டு தடவை, ஆபீசிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோய் விடு என்று கூப்பிட்டார். விட்டேன். பின்னால் உட்கார்ந்துகொண்டு, நல்ல வண்டிம்மா, என்னைத் தவிர யாரும் இதை முடிச்சிருக்க முடியாது என்று என் தோளைத் தட்டினார். பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கினேன். அதற்கு மேல் என்னால் முடிந்தது ஒன்றும் இல்லை.

பதினெட்டாம் தேதிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. சித்தப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சாப்பிடாமல் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என இரண்டு தடவை ரத்தம் கொடுப்பார். எங்கள் பரிசோதனைக் கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். நடந்து வருவது தன் உத்தியோகத்துக்கு அழகில்லை என்று வீட்டுக்கே வரச் சொல்லுவார். சொந்தக்காரி என்பதால் பாதிக் கட்டணம், அந்தப் பாதியும் பாக்கி. நான் பட்டியலில் அவரைக் கடைசியாக மாற்றி எழுதினேன். எட்டு மணிக்குப் போனபோது சித்தப்பா பசியில் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். சமையலறையில் சித்தி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். வாசனை முன்னறை வரைக்கும் வந்தது.

கையில் ரப்பர் பட்டையைக் கட்டினேன். நரம்பைத் தட்டிப் பார்த்தேன். ஊசி ஏறியது. பேச வேண்டும் என்று நான் திட்டம் போட்டுக்கொண்டு போகவில்லை. அந்தக் கையில், நான் வாங்கிக் கொடுத்த துணியில் தைத்த சட்டையை மடித்துவிட்டிருந்தார். அதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்தது.

"வண்டிக்காரர் போன் பண்ணாரு சித்தப்பா. முப்பத்தி நாலுக்குத்தான் குடுத்தாராம்."

கை விறைத்தது. ஆட்டாதீங்க, நரம்பு நழுவிடும் என்றேன். அவரால் எழுந்து போகவும் முடியாது, கையை இழுக்கவும் முடியாது. குழாயில் ரத்தம் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவன் வாய்க்கு வந்ததைச் சொல்லுவான் என்றார்.

அப்போது சித்தி எனக்கு டீ எடுத்துக்கொண்டு வந்தார். சித்தி சூது தெரியாதவர். சீட்டுக் கட்டிச் சேர்த்த காசைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருப்பவர்.

"முப்பத்தி நாலுதானேம்மா? என் சீட்டுக் காசுதான் எடுத்துக் குடுத்தேன். நீ குடுத்ததும் திருப்பி வச்சிட்டாரே."

நான் ஊசியை எடுத்தேன். பஞ்சை வைத்து அழுத்தினேன். "நான் நாப்பத்தஞ்சு குடுத்தேன் சித்தி" என்றேன்.

சித்தி டீயைக் கையில் பிடித்தபடி நின்றார். புருஷனைப் பார்த்தார், பிறகு அந்தச் சட்டையைப் பார்த்தார். சித்தப்பா பஞ்சை அழுத்திக்கொண்டே சொன்னார்.

"பின்னே? கையெழுத்து சும்மா வருமா? நாளைக்கு இவ கட்டலைன்னா என் சம்பளத்துலதானே பிடிப்பான்?"

அவருக்கு அது திருட்டாகவே தெரியவில்லை, அதுதான் விசேஷம். பல வருஷமாக எல்லோர் வீட்டு பிரிட்ஜையும் திறந்து பழகியவர், இப்போது என் வீட்டு பிரிட்ஜையும் திறந்திருக்கிறார். அவ்வளவுதான் அவர் கணக்கு. நானும் அதுவரை பயந்துகொண்டிருந்தவள்தான். சட்டென்று பயம் விட்டுப்போனது. கையெழுத்தைத் திரும்ப வாங்குவதென்றால் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் என் புருஷனைக் கடலிலிருந்து எடுத்துக் கொடுங்கள் என்றேன். சித்திக்கு அது புரியவில்லை. டோங்கி முதல் உடம்பு கிடைக்காதது வரை முழுக் கதையையும் சொன்னேன். சித்தி டீயை என் முன்னால் வைத்துவிட்டு, சமையலறைக்குள் போனார். இட்லிப் பானையின் மூடி சாத்தப்படுகிற சத்தம் கேட்டது.

இரண்டாவது ரத்தத்துக்காகப் பத்தரை மணிக்குத் திரும்பிப் போனேன். சாப்பிட்டாச்சா சித்தப்பா என்று கேட்டேன். அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். சாப்பாட்டு மேசை துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருந்தது. சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை. அந்த வீட்டில் சித்தப்பாவுக்கு அடுப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்பதுகூடத் தெரியாது. நோயாளி உணவு உண்ணவில்லை, பரிசோதனை நாளைக்கு என்று பாரத்தில் எழுதினேன். எழுதும்போது கையெழுத்து அழகாக வந்தது.

மறுநாள் காலை போனபோது மேசை மேல் பாரத்துக்கு அடியில் பணம் இருந்தது. எட்டாயிரம். சித்தி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். மீதி மூவாயிரம் தன் கையெழுத்துக்கு, அதில் சமரசம் இல்லை என்று சித்தப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் எண்ணிப் பார்த்தேன். அவர் முன்னாலேயே, நோட்டு நோட்டாக, எச்சில் தொட்டு எண்ணினேன். பிறகு கையை நீட்டச் சொன்னேன். ஜாமீனை அவர் திரும்ப வாங்கவில்லை. வாங்கினால் சித்தி இன்னும் எத்தனை நாள் அடுப்பை அணைத்து வைப்பார் என்று அவருக்கே தெரியாது.

எட்டாயிரத்தைச் சொசைட்டியில் கட்டினேன். வாசலில் நிறுத்தியிருந்த வண்டி மேல் உட்கார்ந்து, உத்தரப் பிரதேசத்துக்குப் போன் போட்டேன். முதலில் என் புருஷன் உயிரோடு இருக்கிறார் என்றேன். அந்தப் பக்கத்தில் அவர் கடவுளைக் கூப்பிட்டார், மனைவியைக் கூப்பிட்டார், எந்தத் தீவில் ஒதுங்கினார் என்று பதறிக்கொண்டு கேட்டார். எந்தத் தீவிலும் ஒதுங்கவில்லை பையா, அவர் கடலுக்கே போகவில்லை என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். குடும்ப மானத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

அன்றைக்கு நான் சொன்ன நன்றி பொய், பையா, இன்றைக்கு நிஜமாகவே சொல்கிறேன் என்றேன். எட்டாயிரத்துக்கு மட்டும். மீதி மூவாயிரத்துக்கான நன்றியைச் சித்தப்பாவிடம்தான் நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, அவர் நம்பரையும் கொடுத்தேன்.